மகனா, இல்லமா என்னும் கேள்வியே பிழை

முதுமையைப் பற்றி நம் நாட்டில் எங்கே பிரஸ்தாபம் எழுந்தாலும், அது பட்டிமன்ற மேடையானாலும் சரி, பத்திரிகைத் தலையங்கமானாலும் சரி, கலியாண வீட்டுத் திண்ணையானாலும் சரி, ஒரே வாதம் ஒரே வரிசையில் வந்து நிற்பதைக் காண்கிறோம். பெற்றோரைப் பேணுதல் மகனுடைய தர்மம். முற்காலத்தில் அந்தத் தர்மம் தழைத்திருந்தது. இப்போது பிள்ளைகளின் மனம் கல்லாகிவிட்டபடியால் முதியோர் இல்லங்கள் முளைத்துவிட்டன. பிள்ளைகள் திருந்த வேண்டும், திருந்தாதவர்களைச் சட்டம் தண்டிக்க வேண்டும், அதுவரையில் ஆதரவற்றவர்களுக்கு இல்லங்களாவது வேண்டும் என்பதே அந்த வாதம். இதைச் சொல்பவர்கள் நல்லவர்கள். சொல்லும்போது அவர்கள் குரல் தழுதழுப்பதும் உண்மையானதே. அவர்களுடைய கருணையில் எனக்கு ஐயம் இல்லை. அவர்கள் போடும் கணக்கையும், அந்தக் கணக்கிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவையுமே நான் மறுக்க எடுத்துக்கொண்டேன்.

இவ்வாதம் முதியவருக்கு இரண்டே இடங்களை ஒதுக்குகிறது. மகனுடைய கை ஒன்று, இல்லத்தின் கட்டில் மற்றொன்று. ஆனால் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் செல்லும் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்து நெடிய கரையிலும், பாம்பனுக்கு அப்பால் தங்கச்சிமடம், இராமேசுவரம் என விரியும் தீவிலும், எத்தனையோ முதியவர்கள் இவ்விரண்டு இடங்களிலும் இல்லை. நாற்பது ஐம்பது வருஷங்களாகப் புழங்கிய தெருவில், தாங்கள் கட்டிய வீட்டில், அல்லது அரசாங்கம் கட்டித் தந்த தொகுப்பு வீட்டில், தனியாகவோ கணவனும் மனைவியுமாகவோ அவர்கள் வாழ்கிறார்கள். அங்கேயே வாழ்ந்து முடிக்கவும் விரும்புகிறார்கள். அவர்களை அந்த இடத்திலேயே நன்றாக வாழ வைப்பதற்கு ஊராட்சியும், சுகாதாரத் துறையும், ரேஷன் கடையும், மகளிர் குழுவும், ஜமாத்தும், பங்குக் கோயிலும், பக்கத்து வீடும் தங்களுக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வர வேண்டும் என்பதே என் கட்சி. மகனா, இல்லமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை இந்த ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்கக்கூட நமக்கு நேரம் வாய்க்கப்போவதில்லை.

முதலில் மகனை எடுத்துக்கொள்வோம். மனம் கல்லான மகன் இல்லாமல் இல்லை. அவனைக் கண்டிக்க நான் பின்வாங்கவும் இல்லை. ஆயினும் எங்கள் கரையில் நான் காணும் மகன்களில் பெரும்பாலோர் நெஞ்சில் ஈரம் இல்லாதவர்கள் அல்லர், ஊரில் இல்லாதவர்கள். விசைப்படகில் ஏறினால் இரவெல்லாம் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோவதால் பலர் கேரளக் கரைக்குப் படகு வேலைக்குப் போகிறார்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் மாதக்கணக்கில் கிடப்பவர்களும் உண்டு. வறட்சி மிகுந்த உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போவது இன்று நேற்று தொடங்கிய விஷயமன்று. இப்படிப்பட்டவர்கள் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார்கள், இரவில் தொலைபேசியில் பேசுகிறார்கள், திருவிழாவுக்கு வந்து தாயின் காலைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். தாய் விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழும்போது இவையெல்லாம் அவளைத் தூக்கி நிறுத்துவதில்லை. கல்மனத்துக்குச் சொல்லும் உபதேசம், ஆயிரம் மைல் தூரத்தை ஓர் அங்குலமும் குறைக்காது. அன்றியும், மகன் பேணுகிறான் என்று நாம் பெருமையோடு சொல்லும் வீடுகளில் உண்மையில் சிசுருஷை செய்கிறவள் யார்? மருமகள். அவளுடைய வயதும் முதுகுவலியும் ஓய்வும் அந்தத் தர்மக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படுவதில்லை.

முற்காலம் என்று இவ்வாதத்தில் வருகிற அந்தப் பொற்காலத்தையும் சற்றுக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். கூட்டுக் குடும்பம் கொடிகட்டிப் பறந்ததாகச் சொல்லப்படும் 1962ஆம் ஆண்டிலேயே, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை கொடுக்கும் திட்டத்தைச் சென்னை ராஜ்ய அரசாங்கம் தொடங்க நேர்ந்தது. ஆதரவற்றோர் கணிசமாக இல்லாமலா ஓர் அரசாங்கம் அப்படியொரு திட்டத்தை வகுக்கும்? மகன்களுடைய தர்மத்தில் அன்றும் ஓட்டைகள் இருந்தன. அவற்றை அடைத்தவர்கள் மகன்களைத் தவிர்த்த பிறர். எங்கள் பக்கத்தையே பாருங்கள். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றிய ஒன்று. ஆண்மக்கள் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன ஊரில், தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்தபடியால் கிழவியின் முதுமை மகனை எதிர்பார்த்து நிற்கவில்லை. கரைவலை இழுக்கும் இடத்திலோ, தோளில் வலு குறைந்த கிழவரும் கயிற்றின் ஓரத்தில் ஒரு கை கொடுத்தால், பாடு பிரிக்கும்போது அவர் கையிலும் நாலு மீன் விழும். அதைப் பிச்சை என்று யாரும் சொன்னதில்லை, அவரும் அப்படி எண்ணி வாங்கியதில்லை. அது பங்கு. ஊர் தன் முதியவர்களைத் தாங்கிய விதம் இப்படிப் பல முகம் கொண்டதாக இருக்க, அதையெல்லாம் மகன் என்னும் ஒருவன் தலையில் ஏற்றிவிட்டு, அவன் சறுக்கியதும் ஐயோ என்று அலறுவது சரித்திரத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

தூரத்தில் இருக்கும் மகன் பெற்றோரைத் தன்னுடன் அழைத்துக்கொண்டால் ஆயிற்று என்று ஒரு சமாதானம் சொல்லப்படும். சென்னையில் வேளச்சேரியிலோ பெரும்பாக்கத்திலோ நாலாவது மாடியில் அவன் வாங்கிய பிளாட்டுக்கு, பாம்பனில் வாழ்ந்த தகப்பனார் போய்ச் சேருகிறார். மகன் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறான், மருமகளும் போகிறாள், பேரன் பள்ளிக்குப் போகிறான். கதவு சாத்தப்படுகிறது. லிப்டைத் தனியாக இயக்கப் பயந்து, எதிர் பிளாட்டுக்காரர் பெயர் தெரியாமல், மாலை ஆறு மணிவரை தொலைக்காட்சியின் எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர், ஊரில் காற்றின் திசையைப் பார்த்து நாளைக்குக் கடலுக்குப் போகலாமா கூடாதா என்று இளைஞர்களுக்குச் சொல்லிவந்தவர். தர்மத்தின்படி அவர் மகனோடு இருக்கிறார்; சட்டத்தின்படியும் குறையில்லை. ஆனால் அவருக்கு முதுமை இங்கே சிறையாகிவிட்டது. அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கம் லிப்டுக்கும் தண்ணீர் லாரிக்கும் கூட்டம் போடுகிற அளவுக்கு, பகலில் தனியாக இருக்கும் முதியவர்கள் எந்தெந்த எண் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியலாவது போட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசிவைத்திருந்தால், அந்த பிளாட்டே அவருக்கு வீடாகியிருக்கக்கூடும். ஆக, மகன் பக்கத்தில் இருக்கிற வீட்டிலும் மகன் மட்டும் போதவில்லை என்பது பிரத்தியட்சம்.

இனி, இரண்டாவது இடமாகிய இல்லத்தைப் பார்ப்போம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற்றுத்தரத் தீர்ப்பாயங்களை அமைத்தது. பெற்றோரைக் கைவிட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, வறிய முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லம் அமைக்கலாம் என்றது. இச்சட்டம் நல்லதே. ஆனால் 2011 கணக்கெடுப்பில் இராமநாதபுரம் மாவட்டத்தின் ஜனத்தொகை 13,53,445. தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் அப்போது நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல். அந்தச் சராசரியைக் கொண்டு கணித்தாலே இம்மாவட்டத்தில் முதியோர் 1,40,000 பேர். 150 கட்டில்கள் அவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு ஏறக்குறையப் போதும். மாநிலத்தில் முதியோர் விகிதம் 2031இல் நூற்றுக்குப் பதினெட்டைத் தாண்டும் என்று மத்திய அரசின் புள்ளிவிவரத் துறையே மதிப்பிட்டிருக்கிறது. இல்லங்களை இரண்டு மடங்காக்கினாலும், பத்து மடங்காக்கினாலும், அவை இந்தப் பிரச்சினையின் ஓரத்தையே தொடும். படுக்கையோடு கிடக்கும் நிலையில் யாரும் இல்லாதவருக்கு இல்லம் இன்றியமையாதது. அதை ஒருபோதும் மறுக்கமாட்டேன். ஆனால் விதிவிலக்குக்காக அமைந்த ஒன்றைப் பொதுவழி என்று நம்புவது பெரும் பிழை.

இல்லம் என்று எழுதினால் எங்கள் மாவட்டத்தான் நினைவுக்கு 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி வராமற் போகாது. அன்று விடியற்காலையில் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் ஓலைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அங்கே இருந்தவர்கள் முதியோர் அல்லர், நோயுற்றவர்கள். முதியோர் இல்லம் நடத்தும் நல்லவர்களை அந்த விடுதியோடு ஒன்றாக வைத்துப் பேச எனக்கு எண்ணமும் இல்லை. ஆயினும் அந்தச் சாம்பலில் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பராமரிப்பு தேவைப்படும் மனிதரைத் தெருவின் பார்வையிலிருந்து அகற்றி, மதிலுக்குள் சேர்த்து, பொறுப்பை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, ஊரும் உறவும் நிம்மதியாகத் திரும்பிவிடும்போது, உள்ளே நடப்பதைக் காணக் கண் இல்லாமற் போகிறது. தெருவில் வாழ்பவரைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்கு ஈடான காவலை எந்த இன்ஸ்பெக்டரும் தரமுடியாது.

பாம்பன் அருகே ஒரு குப்பத்தில் எழுபதைத் தாண்டிய ஓர் அப்பத்தாவை எனக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிப் பாறைகளில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தே பிள்ளைகளை ஆளாக்கியவள். அறுபது வயதுக்கு மேலும் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கியவள். பவளப்பாறை அறுத்து அறுத்து அவளுடைய விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. ரேஷன் கடைக் கருவி அவள் கட்டைவிரலை ஏற்காமல் சிவப்பு விளக்கைக் காட்டும். அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வா அப்பத்தா என்பார்கள். உதவித்தொகை கொண்டுவரும் வங்கி முகவரின் கருவியிலும் இதே கதை. மகன் மங்களூர்ப் பக்கம் படகில் இருக்கிறான். மகள் திருப்புல்லாணிக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்தக் கிழவி தனியாகத்தான் இருக்கிறாள், ஆனால் அநாதையாக இல்லை. எப்படியெனில், அடுத்த வீட்டுப் பெண் தினமும் காலையில் தண்ணீர்க்குடத் தள்ளுவண்டியோடு போகும்போது, கிழவியின் வாசல் தெளித்திருக்கிறதா என்று பார்ப்பாள். ஈரம் இருந்தால் போய்விடுவாள். காய்ந்து கிடந்தால் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டுவாள். யாரும் சொல்லிக் கொடுக்காத, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இந்த ஏற்பாட்டினால், ஒருமுறை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த கிழவி அன்றைக்கே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள்.

முதுமைக்கு வேண்டிய உதவிகளில் பெரும்பகுதி இவ்விதமே சிறியது, அன்றாடமானது, பலர் கைக்குப் பிரித்துக் கொடுக்கத்தக்கது. வாசலைப் பார்ப்பது ஒருவர் வேலை; அரிசியை வீட்டில் சேர்ப்பது ஒருவர் வேலை; இரத்த அழுத்தத்தைப் பார்த்து மாத்திரை கொடுப்பது ஒருவர் வேலை; குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடிப்பது ஒரு கொல்லத்துக்காரரின் அரை நாள் வேலை. இவற்றில் பலவற்றுக்கு அரசாங்கத்தில் ஆள் ஏற்கெனவே இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கும் தன்னார்வலர்கள் மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அதன் அங்கங்கள். முதியோர் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டு சேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆனால் மாத்திரை கொடுப்பவர் ஒரு பட்டியலை வைத்திருக்கிறார், அரிசி கொண்டுவருபவர் மற்றொரு பட்டியலை, பணம் தருபவர் வேறொரு பட்டியலை. கிழவி மாத்திரையை விழுங்காமல் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பது அரிசிக்காரர் கண்ணில் படுகிறது. அதை யாரிடம் சொல்வதென்று அவருக்குத் தெரியாது. குறை இங்கேதான் இருக்கிறது. கைகள் இருக்கின்றன, அவை ஒன்றையொன்று அறியவில்லை. மகனைத் திட்டுவதாலும் இல்லம் கட்டுவதாலும் இந்தக் குறை நீங்குமா என்று எதிர்க்கட்சியார் சொல்லட்டும்.

அடுக்குமாடி வாழ்க்கையை உலகுக்குக் காட்டிய சிங்கப்பூரை உதாரணம் காட்டினால், அது செல்வம் படைத்த நகரம், நமக்கு ஒத்துவராது என்பார்கள். எங்கள் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே உறவு இருப்பதால், அதைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதைச் சற்று நிதானமாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்நாட்டில் 1995ஆம் ஆண்டிலேயே பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள்மேல் சுமத்தும் சட்டம் வந்துவிட்டது. நம் சட்டத்துக்குப் பன்னிரண்டு வருஷம் மூத்தது அது. மகனைக் கட்டாயப்படுத்தினால் பிரச்சினை தீர்ந்தது என்பது உண்மையானால், அவர்கள் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய அடுக்குமாடிகளில் ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி நிற்கும்படி 2001 முதல் மாற்றி அமைத்தார்கள். 2012 முதல் வீட்டுக்குள்ளேயே கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் சரிவுப் பாதையும் மானியத்தில் அமைத்துத் தருகிறார்கள். கட்டடங்களின் கீழ்த்தளத்தில் முதியோர் கூடும் நிலையங்களைத் தொண்டு அமைப்புகளின் கையில் கொடுத்து, அவற்றின் வழியாகத் தனித்திருப்போரைப் போய்ப் பார்த்து வர ஏற்பாடு செய்தார்கள். 2023இல் வகுத்த தேசியத் திட்டத்தில் சுகாதாரம், தேசிய வளர்ச்சி, போக்குவரத்து ஆகிய மூன்று அமைச்சகங்கள் சேர்ந்து உட்கார்ந்தன. முதியவர் பஸ் நிறுத்தம்வரை நடக்க முடியாவிட்டால் டாக்டர் இருந்தும் பயனில்லை என்பதை உணர்ந்ததனால் அல்லவா போக்குவரத்து அமைச்சகம் அந்த மேஜைக்கு வந்தது?

இதற்கு முன்னோடியும் உண்டு. நியூயார்க்கில் தையல் தொழிலாளர் சங்கம் கட்டி 1962இல் திறந்த பென் சவுத் கூட்டுறவுக் குடியிருப்பில் 2,820 வீடுகள். வாலிபர்களாகக் குடியேறியவர்கள் அங்கேயே மூப்படைந்தபோது, அவர்களை எங்கேயும் அனுப்பாமல், குடியிருப்பின் கூட்டுறவுச் சங்கமும் தர்ம ஸ்தாபனங்களும் சேர்ந்து 1986இல் கட்டடத்துக்குள்ளேயே சேவைகளை ஏற்படுத்தின. பின்னால் அரசாங்கம் அதைக் கண்டு பணம் கொடுத்தது. முதலில் வந்தது பணம் அன்று, உடன்பாடு. பணக்கார நாடுகளே வேண்டாம் என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய நோய்த் தணிப்பு இயக்கம் மலப்புறத்துக் கிராமங்களில் சாதாரண ஜனங்களின் கைக்கு வந்தது. 2008இல் மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையை அறிவித்தபின், உள்ளாட்சி அமைப்புகள் செவிலியரை நியமித்து வீடு வீடாக அனுப்புகின்றன. ஆட்டோக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் அதில் தொண்டர்கள். தென்னையும் மீனும் வளைகுடா வேலையும் கொண்ட அந்தக் கரைக்கும் எங்கள் கரைக்கும் அப்படியென்ன தூரம்?

எங்கள் கரையில் அடுக்குமாடி குறைவு என்பது மெய். ஆனால் ஒரே சுவரை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் வாழ்க்கை குறைவன்று. மண்டபம் முகாமை நினையுங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்ப ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பட்ட அந்த இடம், 1983க்குப் பிறகு உயிர் பிழைத்துவந்த இலங்கைத் தமிழர்களின் இருப்பிடமாயிற்று. முப்பது வயதில் படகேறி வந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசனை தன் வீட்டுக்குள் வரும் நெருக்கத்தில், அவர்கள் முதுமை அடைந்திருக்கிறார்கள். மகன் ஒருவன் கனடாவிலும் மற்றொருவன் வவுனியாவிலும் இருக்கும் தாய்க்கு மகனுடைய தர்மத்தை எந்த வாயால் உபதேசிப்பது? அவளைத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ உள்ள இல்லத்துக்கு அனுப்பினால், ஏற்கெனவே ஒருமுறை ஊர் இழந்தவளை இரண்டாம் முறை ஊர் இழக்கச் செய்வதாகும். அந்த முகாமின் வரிசைகளும், தீவிலுள்ள தொகுப்பு வீட்டுக் காலனிகளும், இந்த ஒப்பந்தத்தைத் தொடங்குவதற்கு யோக்கியமான இடங்கள். வீடுகள் நெருங்கியிருக்கின்றன, ஒருவரையொருவர் தெரியும், ஓர் ஆள் நடந்தே நூறு வீட்டைப் பார்த்துவிடலாம்.

எதிர்வாதங்களில் கனமானவை மூன்று. அவற்றைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அயலார் உதவுவார்கள் என்கிறாயே, எங்கள் மாவட்டத்தில் தெரு என்பது சாதியின் எல்லையல்லவா, ஒரு தெருக் கிழவிக்கு அடுத்த தெருப் பெண் கஞ்சி கொண்டுபோவாளா என்பது முதலாவது. இந்தக் கேள்வி உண்மையானது. இதன் வலி எங்களுக்கு நன்றாகத் தெரியும். இதனாலேயே நான் தெருவின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பவில்லை; ஊராட்சியும் சுகாதாரத் துறையும் நடுவில் இருக்க வேண்டும் என்கிறேன். ஜமாத்து தன் மக்களைப் பார்க்கும், பங்குக் கோயில் தன் மக்களைப் பார்க்கும். இரண்டிலும் சேராத, சாதியிலும் தாழ்த்தப்பட்ட, உறவும் அற்ற ஒருவரைப் பார்க்கும் பொறுப்பு சட்டப்படி ஓர் அதிகாரியின் பெயரில் இருக்க வேண்டும். பொது அமைப்பு இல்லாத அண்டை அயல் ஒரு சாராருக்கே உதவும்.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. கடைசியில் இதுவும் பெண்களின் இலவச உழைப்பில் வந்து முடியாதா, மருமகளின் தோளிலிருந்து இறக்கி அடுத்த வீட்டுப் பெண்ணின் தோளில் ஏற்றுவதுதானா உன் சீர்திருத்தம் என்று கேட்கிறார்கள். முடியும், நாம் அசட்டையாக இருந்தால். வாசலைப் பார்த்துவிட்டுப் போகும் பெண்ணுக்குச் சம்பளம் வேண்டியதில்லை. அது மனிதர் மனிதருக்குச் செய்வது. ஆனால் மாத்திரை, ரேஷன், உதவித்தொகை, ஆஸ்பத்திரி, பழுதுபார்த்தல் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி, தவறியதைத் தேடிப்போய்ச் சரிசெய்யும் பெண் ஊராட்சிக்கு ஒருத்தி வேண்டும். அவள் முழுநேர ஊழியராக, உரிய மாதச் சம்பளத்தோடும், வார விடுமுறையோடும், சாயங்காலம் வீடு திரும்பும் உரிமையோடும் இருக்க வேண்டும். தன்னார்வலர் என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தைக் குறைப்பதை நான் எதிர்க்கிறேன்.

மூன்றாவது வாதம், இப்படிச் செய்தால் பிள்ளைகள் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவார்கள் என்பது. அனுபவம் அதற்கு நேர்மாறாகவே இருக்கிறது. தாயின் நிலையைத் தினமும் தெரிவிக்க ஊரில் ஓர் ஆள் இருந்தால், மங்களூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புவதோடு நிற்கமாட்டான். எந்த மாத்திரை தீர்ந்துவிட்டது, எந்த ஓட்டில் மழை ஒழுகுகிறது என்று அறிந்து அதற்கேற்பச் செய்வான். ஒன்றும் செய்ய இயலாத குற்ற உணர்வே பலரைத் தொலைபேசியை எடுக்கவிடாமல் தடுக்கிறது. செய்யத்தக்க ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் அவர்கள் செய்வார்கள். தண்டனைச் சட்டம் கல்மனத்தானுக்கு இருக்கட்டும். மற்றவர்களை அவனோடு சேர்த்துக் கட்டிப் போட வேண்டாம்.

இந்த ஒப்பந்தத்தில் முதியவருக்கே ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதில் நான் மிகுந்த பிடிவாதம் கொண்டவன். அவரைச் சுற்றி நின்று நாலு பேர் அவருக்காக முடிவு செய்தால், அது மதில் இல்லாத மற்றோர் இல்லமாகவே முடியும். எந்த நேரத்தில் யார் வீட்டுக்கு வரலாம், எந்த விஷயம் மகனுக்குத் தெரியலாம், எது தெரியக்கூடாது, மீன் சாப்பிடுவதை டாக்டர் தடுத்தாலும் வாரம் ஒருநாள் சாப்பிட்டே தீருவேன் என்பனவெல்லாம் அவர் சொல்ல வேண்டியவை. நோட்டின் முதல் பக்கத்தில் அவர் சொன்னபடி எழுத வேண்டும். ரேகை தேய்ந்த விரலாக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் அதை ஏற்க வேண்டும்.

பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள், மண்டபம் பேரூராட்சி, இராமேசுவரம் நகராட்சி. கிராம சபை கூடும் நாட்கள் குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினம் என வருஷத்தில் ஆறு. நகரங்களுக்குப் பகுதி சபைகள் உண்டு. ஊரில் தனியாக இருக்கும் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் யார், அவர்களுக்கு இப்போது எந்தெந்தக் கை எட்டுகிறது, எது எட்டவில்லை என்று ஒரு பட்டியல் போடும் தீர்மானத்துக்கு மாநில அரசின் புதிய உத்தரவு எதுவும் வேண்டியதில்லை. கிராம சுகாதாரச் செவிலியர், ரேஷன் கடை விற்பனையாளர், மகளிர் கூட்டமைப்பின் தலைவி, மீனவர் சங்கச் செயலாளர், ஜமாத்தார், பங்குத்தந்தை, குறைந்தது இரண்டு முதியவர்கள் ஆகியோரை ஒரே பாயில் உட்காரவைத்து அந்தப் பட்டியலை வீடு வீடாகப் படிக்கட்டும். அந்தக் கூட்டத்தில் எந்த மகனையும் யாரும் திட்ட வேண்டாம். அப்பத்தாவின் பெயர் வரும்போது, அவளுடைய கட்டைவிரலுக்குப் பதிலாகக் கருவிழியைப் படிக்கும் கருவியை யார் கொண்டுவருவது, எந்தத் தேதிக்குள் கொண்டுவருவது என்று மட்டும் எழுதிக்கொள்ளட்டும்.